பிறக்காத ஊருக்குத் திரும்பியவர்கள்

பார்படாஸின் தலைநகரான பிரிட்ஜ்டவுனில் 'ஸெட்-ஆர்' என்று அழைக்கப்படும் சிறிய வேன்கள் ஓடுகின்றன. வெள்ளை உடல், அரக்குப் பட்டை, காதைப் பிளக்கும் பாட்டு, நான்கு பேர் உட்கார வேண்டிய இடத்தில் ஆறு பேர். அதில் ஒரு பெண் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறத்தையும் முகத்தையும் பார்த்து, பக்கத்தில் இருப்பவர்களிடமிருந்து அவரைப் பிரித்துச் சொல்ல முடியாது. இறங்க வேண்டிய இடத்தைச் சொல்ல வாயைத் திறக்கிறார். தலைகள் திரும்புகின்றன. "இங்கிலீஷ்" என்று யாரோ முணுமுணுக்கிறார்கள். சில நேரம் அதற்கு முன்னால் இன்னொரு சொல்லும் சேர்ந்துகொள்ளும்: "பைத்தியக்கார இங்கிலீஷ்."

அவர் லண்டனில் பிறந்து வளர்ந்தவர். பெற்றோர் இந்தத் தீவில் பிறந்து இங்கிலாந்துக்குப் போனவர்கள். நாற்பது வயதை நெருங்கும்போது, இருந்த வேலையை விட்டுவிட்டு இங்கே குடிவந்திருக்கிறார். இதற்குமுன் விடுமுறைக்கு வந்திருக்கிறாரே தவிர, இங்கே வாழ்ந்ததில்லை. ஆனாலும் அரசு அலுவலகமும் ஆய்வாளர்களும் அவர் வந்ததை 'திரும்புதல்' என்றே பதிவு செய்கிறார்கள். கரீபியத் தீவுகளில் இப்படி வந்து சேர்ந்த இரண்டாம் தலைமுறையினர் எண்ணிக்கையில் சிறு கூட்டம்தான். இருந்தும் குடிபெயர்வைப் பற்றி யோசிப்பவர்கள் இவர்களிடமே வந்து நிற்கிறார்கள். எங்கிருந்தும் புறப்படாத ஒருவர் எப்படித் திரும்ப முடியும்?

அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பிரிட்டனுக்கான கரீபியக் குடிபெயர்வை 1948 ஜூனில் டில்பரித் துறைமுகத்தை அடைந்த 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலிலிருந்து தொடங்குவது வழக்கம். பார்படாஸுக்கு 1956 இன்னும் பொருத்தமான ஆண்டு. லண்டன் போக்குவரத்து நிறுவனம் அந்த ஆண்டில் தீவுக்கே நேரில் வந்து ஆள் எடுக்கத் தொடங்கியது. கண்டக்டர்கள், ரயில் நிலையப் பணியாளர்கள், கேன்டீன் உதவியாளர்கள் என்று 1970 வரை எடுத்துக்கொண்டிருந்தது. கப்பல் செலவைப் பார்படாஸ் அரசே கடனாகக் கொடுத்துப் பிறகு சம்பளத்திலிருந்து வசூலித்துக்கொண்டது. மருத்துவமனைகளுக்குச் செவிலியர்கள் தனியாகப் போனார்கள். வெறும் 430 சதுர கிலோமீட்டரில், நிலத்தையெல்லாம் கரும்புத் தோட்டங்கள் வளைத்துப் போட்டிருந்த தீவில், வெளியேறுவதே வாழ்க்கைத் திட்டமாக இருந்தது.

போனவர்கள் எல்லோரிடமும் ஒரே கணக்கு இருந்தது: ஐந்து வருடம். ஐந்து வருடம் உழைத்து, வீடு கட்டும் அளவுக்குச் சேர்த்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும். வங்கிகள் கறுப்பர்களுக்குக் கடன் தர யோசித்த காலம் அது. அவர்களிடம் வேறு வழி இருந்தது. ஜமைக்கர்கள் அதைப் 'பார்ட்னர்' என்பார்கள், பார்படாஸ்காரர்கள் 'மீட்டிங் டர்ன்' என்பார்கள், டிரினிடாட்காரர்கள் 'சூசூ' என்பார்கள். நம் ஊரில் சீட்டு. வாரம் ஒருவர் எடுப்பார். அந்தப் பணத்தில் முதலில் லண்டனிலேயே ஒரு பழைய வீட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். பிறகு குழந்தைகள் பிறந்தன. 1962-ல் வந்த குடியேற்றச் சட்டம் கதவை அரைவாசி சாத்தியது. ஊருக்குப் போனால் மறுபடி உள்ளே வர முடியுமோ முடியாதோ என்ற பயத்தில் பலர் போகாமலே தங்கினார்கள். ஐந்து வருடம் முப்பது வருடமாயிற்று.

நிறைவேறாத அந்தத் திட்டம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. பெற்றோர் 'பேக் ஹோம்' என்று சொல்லும்போது அவர்கள் சொன்னது நாம் 'ஊர்' என்று சொல்லும் பொருளில். ஊரில் பிள்ளைகள் பெரியவர்களை எதிர்த்துப் பேசமாட்டார்கள், ஊரில் மாம்பழத்தைக் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள், இன்னும் ஒருமுறை இப்படிச் செய்தால் உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவேன். பர்மிங்ஹாமிலோ லண்டனின் பிரிக்ஸ்டனிலோ வளர்ந்த பிள்ளைக்கு ஊர் என்பது சொர்க்கமாகவும் தண்டனையாகவும் ஒரே நேரத்தில் அறிமுகமானது. இந்தத் தலைமுறை திரும்பியபோது செய்தது, என் பார்வையில், பெற்றோர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஒரு பயணத்தை முடித்துவைத்ததுதான். சொத்தைப் போல, கடனைப் போல, திரும்பும் எண்ணமும் வாரிசாக வந்து சேர்ந்திருக்கிறது.

இங்கிலாந்தும் தன் பங்குக்குத் தள்ளிவிட்டது. 1960-களிலும் 70-களிலும் கரீபியப் பிள்ளைகள் அளவுக்கு மீறி 'கல்வியில் பின்தங்கியோர்' பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். கிரெனடாவிலிருந்து வந்து லண்டனில் ஆசிரியராக இருந்த பெர்னார்ட் கோர்ட் 1971-ல் ஒரு சிறு நூலில் இதை அம்பலப்படுத்தினார். (அதே மனிதர் பிறகு கிரெனடாப் புரட்சி அரசில் துணைப் பிரதமராகிப் பெருங்கேடு விளையக் காரணமானார் என்பது தனிக் கதை.) தெருவில் 1824-ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டத்தை வைத்துக்கொண்டு, சந்தேகத்தின் பேரில் என்று கறுப்பு இளைஞர்களைப் போலீஸ் பிடித்தது. 1981 ஜனவரியில் லண்டனின் நியூ கிராஸில் ஒரு பிறந்தநாள் விருந்தில் தீப்பற்றி 13 இளையோர் இறந்தார்கள். ஏப்ரலில் பிரிக்ஸ்டன் கலவரத்தில் எரிந்தது. 'நீ எந்த ஊர்?' என்று கேட்பார்கள். 'லண்டன்' என்றால், 'அது சரி, உண்மையில் எந்த ஊர்?' என்பார்கள். அந்த இரண்டாவது கேள்வியைப் பள்ளி முதல் அலுவலகம் வரை கேட்டு வளர்ந்த ஒருவர், ஒருநாள் அதற்கான பதிலைத் தேடிப் புறப்பட்டுவிட்டால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

பெற்றோர் முதலில் போனார்கள். 1980-களிலும் 90-களிலும் ஓய்வுபெற்ற முதல் தலைமுறை, லண்டன் வீட்டை விற்று ஊரில் பெரிதாகக் கட்டியது. ஜமைக்காவில் மாண்டவில் போன்ற குளிர்ந்த மலையூர் இவர்களுக்காகவே வளர்ந்தது. ஓய்வூதியக் கணக்கும் தீவுகளைத் தரம் பிரித்தது: பிரிட்டனுடன் ஒப்பந்தம் இருப்பதால் பார்படாஸிலும் ஜமைக்காவிலும் வாழ்பவருக்கு அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயரும், ஆன்டிகுவாவிலோ டிரினிடாடிலோ வாழ்பவருக்கு முதல் நாள் என்ன தொகையோ அதுவே கடைசிவரை. பெற்றோர் கட்டிய அந்த வீடுதான் பிள்ளைகளுக்கு இறங்குதுறை. விடுமுறைக்கு வந்து, ஆகஸ்டில் 'கிராப் ஓவர்' திருவிழாவில் ஆடிவிட்டுப் போனவர்களில் சிலர், ஒருமுறை போகாமல் தங்கிவிட்டார்கள்.

ராபர்ட் பாட்டர், ஜோன் ஃபிலிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-களில் பார்படாஸில் இப்படித் தங்கிவிட்ட ஐம்பது பேர் அளவில் சந்தித்து நீண்ட பேட்டிகள் எடுத்தார்கள். 'பேஜன்-பிரிட்' என்பது இவர்களுக்கு அவர்கள் வைத்த பெயர்; பேஜன் என்றால் பார்படாஸ்காரர். பேட்டி கொடுத்தவர்களைக் கறுப்பர்கள் என்றும் அடையாள அளவில் வெள்ளையர்கள் என்றும் ஒருசேர அந்த ஆய்வு வர்ணித்தது. கேட்க முரணாகத் தெரிந்தாலும் அன்றாடத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும்.

லண்டனில், வேனில் ஏறிய அந்தப் பெண்ணின் குரலை நிறம் மறைத்தது. தொலைபேசியில் பேசி நேர்காணலுக்கு நேரம் வாங்கிக்கொண்டு போனால், ஆளைப் பார்த்ததும் அந்த வேலை ஏற்கெனவே நிரம்பிவிட்டிருக்கும். அட்சரசுத்தமான லண்டன் ஆங்கிலம் அங்கே பத்துப் பைசா பெறவில்லை. பிரிட்ஜ்டவுனில் எல்லோரும் அதே நிறம். நிறம் பேசுவதை நிறுத்தியதும் குரல் பேசத் தொடங்குகிறது. சுற்றுலாவும் நிதி நிறுவனங்களும் நடத்தும் பொருளாதாரத்தில் அந்த உச்சரிப்புக்கு மதிப்பு உண்டு. வரவேற்பு மேசை, வாடிக்கையாளர் சேவை, மேலாளர் பதவி ஆகியவற்றில் 'ஆங்கிலேயக் குரல்' ஒரு தகுதி. வங்கியில் தொலைபேசியில் பேசினால் காரியம் சீக்கிரம் நடக்கிறது என்பதைத் திரும்பியவர்கள் விரைவிலேயே கண்டுகொள்கிறார்கள். சிலர் வீட்டுக்குள் பேஜன் பேச்சுக்கு மாறிக்கொண்ட பிறகும், காரியம் ஆக வேண்டிய இடத்தில் லண்டனை எடுத்து வெளியே வைப்பார்கள்.

இங்கே நாம் அவர்களை முழுக்க அப்பாவிகளாக்கிவிடக் கூடாது. 1966-ல் விடுதலை பெற்றுவிட்டாலும், தீவின் வேலைச் சந்தையில் ஆங்கிலேயக் குரலுக்கு மரியாதை வைத்துவிட்டுப் போனது காலனி ஆட்சி. நிறவெறிக்குத் தப்பி வந்தவர் அந்த நிறவெறியின் மிச்சத்தில் பலன் பெறுகிறார். உள்ளூரில் பிறந்து, உள்ளூரில் படித்து, அதே பதவிக்குக் காத்திருந்தவருக்கு இது தெரியாமலா இருக்கும்? 'இங்கிலீஷ்' என்ற முணுமுணுப்பில் பாதி கேலி, பாதி கணக்கு.

பைத்தியம் என்ற பழிக்குக் கதை வேறு. இங்கிலாந்தில் இயல்பானவை பல இங்கே விசித்திரம்: தெருவில் வேகமாக நடப்பது, எதிரே வருபவருக்கு 'குட் மார்னிங்' சொல்லாமல் கடப்பது, கடையில் தாமதமானால் உடனே மேலாளரைக் கூப்பிடச் சொல்வது, நினைத்ததை முகத்துக்கு நேரே சொல்வது. பாட்டரும் ஃபிலிப்ஸும் இதற்குக் கீழே இன்னொரு அடுக்கையும் காட்டினார்கள். பிரிட்டனுக்குப் போன முதல் தலைமுறையில் பலர் மனநோயோடு திரும்பினார்கள் என்ற நினைவு தீவில் இருக்கிறது. கரீபியர்களுக்கு மனச்சிதைவு நோய் என்று பிரிட்டிஷ் மருத்துவர்கள் அளவுக்கதிகமாக முத்திரை குத்தினார்கள் என்பதும், அதற்கு நோயைவிடத் தனிமையும் இனவெறியும் தவறான நோய்க்கணிப்பும் எவ்வளவு காரணம் என்பதும் பல ஆண்டுகளாக விவாதிக்கப்படுபவை. தீவுக்கு அந்த விவாதம் வந்து சேரவில்லை. இங்கிலாந்து போனால் மூளை கலங்கும் என்ற முடிவு மட்டும் வந்து சேர்ந்தது. சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் போல, பார்படாஸில் மனநல மருத்துவமனைக்கு 'ஜென்கின்ஸ்' என்று பெயர். புதிதாக வந்தவர் குரலை உயர்த்தினால் போதும், அந்தப் பெயர் வந்துவிடும். ஒருவரைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டால் அவர் சொல்லும் குறையைக் காதில் வாங்க வேண்டியதில்லை. அந்த வசதியும் இந்தப் பழியில் இருக்கிறது.

நட்பு கிடைப்பது கடினம் என்று பெண்கள் அதிகம் சொல்கிறார்கள். உள்ளூர்ப் பெண்கள் தங்களைப் போட்டியாகப் பார்க்கிறார்கள் என்பார்கள். கடைசியில் திரும்பியவர்கள் திரும்பியவர்களோடேயே பழகுகிறார்கள்.

ஜமைக்காவில் சொல் மட்டும் மாறும். அங்கே வெளிநாடு முழுவதற்கும் ஒரே பெயர், 'ஃபாரின்'. நம் ஊரில் ஒரு காலத்தில் ஃபாரின் சேலை, ஃபாரின் சென்ட் என்று சொன்னோமே, அதே சொல், அதே ஏக்கத்தோடு. லண்டனோ நியூயார்க்கோ டொரன்டோவோ, எல்லாம் ஃபாரின்தான். அங்கிருந்து பீப்பாய்களில் அரிசி, துணி, சோப்பு, விளையாட்டுச் சாமான் என்று வந்திறங்கும். தாய் ஃபாரினில், பிள்ளை பாட்டியிடம் என்று வளர்ந்தவர்களைக் குறிக்க 'பீப்பாய்க் குழந்தைகள்' என்ற பெயரை ஜமைக்க சமூகப்பணி அறிஞர் கிளாடெட் கிராஃபோர்ட்-பிரவுன் உருவாக்கினார். அந்தப் பீப்பாயை அனுப்பியவர் வீட்டில் பிறந்த பிள்ளை நேரில் வந்து இறங்கும்போது, ஆளைவிடப் பீப்பாயைத்தான் ஊர் முதலில் பார்க்கிறது. காசு இருக்கும் என்று நினைப்பார்கள், கடையில் விலை ஏறும், கொள்ளைக்குப் பயந்து ஜன்னல்களுக்குக் கம்பி போட வேண்டிவரும்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர்களைப் பிடித்து வைத்திருப்பது எது? எனக்குத் தெரிந்தவரை, நிலம். கரீபியத்தில் 'குடும்ப நிலம்' என்று ஒரு வழக்கம் உண்டு. 1838-ல் பிரிட்டிஷ் தீவுகளில் அடிமை முறை முழுமையாக ஒழிந்த பிறகு, விடுதலை பெற்றவர்கள் சிறுகச் சிறுக வாங்கிய துண்டு நிலங்கள் இவை. பாகம் பிரிக்கப்படாமல், வாங்கியவரின் வழித்தோன்றல்கள் எல்லோருக்கும் பொது. விற்கக் கூடாது. மகன் வழி, மகள் வழி என்ற பேதம் இல்லை. உள்ளூரில் இருப்பவர், கடல் கடந்தவர் என்ற பேதமும் இல்லை. மூலையில் குடும்பக் கல்லறைகள் இருக்கும். மரத்தில் பழுக்கும் பழத்தில் எல்லோருக்கும் உரிமை. சொந்த உடலே சொந்தமாக இல்லாதிருந்த ஒரு சமூகம் யாரையும் வெளியே நிறுத்தாத ஒரு சொத்துமுறையை உண்டாக்கியதில் வியப்பில்லை. ஜமைக்காவிலும் செயின்ட் லூசியாவிலும் இது வலுவாக உண்டு. பார்படாஸில் தோட்ட முதலாளிகள் நிலத்தை விடாததால் குறைவு. அங்கே தொழிலாளிக்குச் சொந்தமாக இருந்தது பலகை வீடு மட்டும். கற்களின் மேல் நிற்கும், துரத்தினால் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். அந்தத் தோட்ட மனைகளை வாங்கும் உரிமையைச் சட்டம் கொடுத்ததே 1980-ல்தான்.

குடும்ப நிலத்தோடு சேர்ந்த இன்னொரு வழக்கம் தமிழ் வாசகருக்கு உடனே விளங்கும். குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியை அந்த மண்ணில் புதைத்து, மேலே ஒரு மரம் நடுவார்கள். 'என் தொப்புள்கொடி அங்கே புதைந்திருக்கிறது' என்றால் அது என் ஊர் என்று பொருள். நாம் உறவைச் சொல்லப் பயன்படுத்தும் உருவகம் அவர்களுக்குத் தோண்டி எடுத்துக் காட்டக்கூடிய இடம். லண்டன் மருத்துவமனையில் பிறந்த பிள்ளையின் கொடி குப்பைக்குப் போயிருக்கும். ஆனாலும் குடும்ப நிலத்தின் வழக்கப்படி அந்தப் பிள்ளைக்கும் உரிமை உண்டு. காகிதம் கேட்காமல் உன்னை உள்ளவன் என்று ஒப்புக்கொள்ளும் ஒரே அமைப்பு அதுதான். சிக்கல், அந்த நிலத்தில் கான்கிரீட் வீடு கட்ட வானம் தோண்டும்போது தொடங்கும். இத்தனை ஆண்டுகள் காவலிருந்து மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிய ஒன்றுவிட்ட சகோதரர், 'வா, பழம் பறித்துக்கொள்' என்பார். 'வா, இரண்டு மாடி கட்டிக்கொள்' என்று சொல்லமாட்டார்.

காகிதம் கேட்கும் அமைப்புகளுக்குத் தனி வேடிக்கை உண்டு. ஜமைக்க அரசமைப்பின்படி, 12 மாதம் நாட்டில் வாழ்ந்த காமன்வெல்த் குடிமகன் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடலாம்; தன் செயலால் வேறு 'அந்நிய' அரசுக்கு விசுவாசம் தெரிவித்தவர் போட்டியிட முடியாது. பிரிட்டன் காமன்வெல்த், அமெரிக்கா அந்நியம். ஆகவே பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் உறுப்பினராகலாம். தானே அமெரிக்க பாஸ்போர்ட் எடுத்துப் புதுப்பித்துக்கொண்டவர் ஆக முடியாது. 2008-ல் நீதிமன்றமே இதைச் சொல்லி ஒருவரின் வெற்றியைச் செல்லாது என்றது. நியூயார்க்கின் ப்ரூக்ளினில் ஜமைக்கர்கள் குவிந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் சட்டம் அடிமைப்படுத்தியவனையே இன்னும் உறவுக்காரனாக வைத்திருக்கிறது.

பிரெஞ்சுக் கரீபியத்தில் இந்த அபத்தம் இன்னும் நேர்த்தியானது. குவாதலூப்பும் மார்த்தினிக்கும் பிரான்ஸின் மாவட்டங்கள். 1963 முதல் 1981 வரை 'பூமிடோம்' என்ற அரசு அலுவலகம் அங்கிருந்து ஆயிரக்கணக்கானோரைப் பாரிஸுக்கு அழைத்துப்போய் மருத்துவமனைகளிலும் தபால் துறையிலும் கடைநிலை வேலைகளில் அமர்த்தியது. அவர்களுடைய பிள்ளைகள் தீவுக்கு வந்தால் 'நெக்ரோபொலித்தேன்' என்ற பட்டம் கிடைக்கும். நீக்ரோவையும், பிரான்ஸ் பெருநிலத்தவரைக் குறிக்கும் மெட்ரோபொலித்தேனையும் ஒட்டிய கேலிச்சொல். இந்தத் தீவுகளில் இருந்து வந்த அரசு ஊழியர்களுக்குச் சொந்தத் தீவுக்குப் போய்வர விமானச் செலவோடு சிறப்பு விடுப்பு உண்டு. அதைப் பெற, 'பொருள் சார்ந்த, மனம் சார்ந்த நலன்களின் மையம்' தீவில்தான் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். பெற்றோர் எங்கே வாழ்கிறார்கள், நிலம் எங்கே, வங்கிக் கணக்கு எங்கே, வாக்காளர் பட்டியலில் பெயர் எங்கே? இரண்டு ஊருக்கு நடுவே வாழ்பவரின் மனத்தை ஒரு குமாஸ்தா மதிப்பெண் போட்டு முடிவு செய்கிறார்.

குவாதலூப்பில் அந்த விடுப்புக் கோப்பைத் திறந்தால் சில பெயர்கள் நமக்குப் பழக்கமானவையாக இருக்கும். 1854-க்கும் 1889-க்கும் இடையில் சுமார் 42,000 இந்திய ஒப்பந்தக் கூலிகள் அங்கே இறக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேறிய தமிழர்கள். மாரியம்மன் வழிபாடு இன்றும் தொடர்கிறது, மொழி போய்விட்டது. அந்த வழியில் வந்து, பாரிஸ் புறநகரில் பிறந்து, பிறகு குவாதலூப்பில் குடியேறும் ஒருவர் தன் ஊர் என்று காட்டுவது குவாதலூப்பைத்தான். காரைக்கால் கோப்பில் இல்லை.

எல்லாத் திரும்புதலும் விரும்பி நடப்பதில்லை. தண்டனையாகவோ செலவைக் குறைக்கவோ பிள்ளைகளைப் பாட்டியிடம் அனுப்புவது பழைய வழக்கம். அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண் ஷர்லி சிசம் 1924-ல் ப்ரூக்ளினில் பிறந்து, ஐந்து வயதில் பார்படாஸில் பாட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டு, 1934 வரை அங்கே ஓரறைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தன் அடித்தளமே அந்தக் கண்டிப்பான பள்ளிதான் என்று சொல்லிவந்தார். பேச்சில் தீவின் சாயல் கடைசிவரை இருந்தது. எதிர்த் துருவத்தில் நாடுகடத்தல். பிரிட்டனில் பிறந்தாலே குடியுரிமை என்ற நிலை 1983-ல் முடிந்துவிட்டது. குழந்தையாக வந்து, வாழ்நாளெல்லாம் லண்டனில் வாழ்ந்து, குற்றத் தண்டனைக்குப் பிறகு தனி விமானத்தில் கிங்ஸ்டனுக்கு அனுப்பப்பட்டவர்கள் உண்டு. 2018-ல் வெடித்த விண்ட்ரஷ் விவகாரத்தில் எந்தக் குற்றமும் செய்யாத முதியவர்கள், காகிதம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வேலையையும் மருத்துவத்தையும் இழந்தார்கள். குறைந்தது 83 பேர் தவறாக நாட்டைவிட்டே அனுப்பப்பட்டார்கள் என்று பிறகு கணக்கிடப்பட்டது. அவர்கள் வந்து இறங்கியதைப் பதிவு செய்த அட்டைகளை 2010-ல் பிரிட்டிஷ் அரசே அழித்திருந்தது. விரும்பித் திரும்பியவர்கள் அந்தச் செய்தியைத் தீவில் உட்கார்ந்து பார்த்தார்கள். நாம் வந்தது சரிதான் என்று தோன்றியிருக்கும்.

விரும்பி வந்தவர்களைக் கேட்டால் முதலில் வெயிலைச் சொல்வார்கள், பிறகு பிள்ளைகளின் படிப்பை. சீருடை, பிரார்த்தனை, ஆசிரியருக்கு மரியாதை. பிரிட்டனின் அரசுப் பள்ளிகளில் 1980-களிலேயே தடைசெய்யப்பட்ட பிரம்பு பார்படாஸ் பள்ளிகளில் சட்டப்படி இன்னும் உண்டு. பதினொரு வயதில் எழுதும் நுழைவுத் தேர்வுதான் பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. இங்கிலாந்து பெரும்பாலான இடங்களில் கைவிட்ட அந்தப் 'பதினொன்று பிளஸ்' தேர்வைப் பார்படாஸ் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறது. ஒழிக்கப்போவதாக அரசு அவ்வப்போது அறிவிக்கும். ஆக, இங்கிலாந்தில் பிறந்த தாய், இங்கிலாந்து தொலைத்துவிட்ட ஆங்கிலேயப் பள்ளிக்கூடத்தைத் தேடிக் கடல் கடந்து வந்திருக்கிறார்.

அந்தப் பள்ளிக்குப் போகும் மகள், பிரிட்ஜ்டவுனில் பிறந்தவள். அவள் வாயைத் திறந்தால் வேனில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அம்மாவின் பேஜன் உச்சரிப்பை அவள்தான் திருத்துகிறாள். அம்மா பிரிட்டனில் பிறந்தவர் என்பதால் அவளுக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உண்டு. பதினெட்டு வயதில் அதை எடுத்துக்கொண்டு படிக்கவோ வேலை பார்க்கவோ ஹீத்ரோவில் போய் இறங்கலாம். வம்சாவளியில் வந்த பாஸ்போர்ட் அது. பிறகு அவள் பார்படாஸிலேயே பிள்ளை பெற்றால், அதை அந்தப் பிள்ளைக்குத் தானாகக் கொடுக்க அவளால் முடியாது.